பழைய லாரிகளுக்கும் பஸ்களுக்கும் மதிப்பெண் இடும் நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய வாகனக் கண்காட்சிகளின் நடுவர் குழுவினருக்கு வணக்கம்.

என்னிடம் ஒரு பெட்போர்டு லாரி இருக்கிறது. 1939 முதல் 1953 வரை உற்பத்தியான ஓ வகையைச் சேர்ந்தது. சென்ற முறை ஒரு கண்காட்சியில் அதை நிறுத்தியிருந்தபோது, நடுவர் ஒருவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு இரண்டு இடங்களில் மதிப்பெண்ணைக் குறைத்தார். தொழிற்சாலையில் பொருத்திய ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் பெர்க்கின்ஸ் பி6 டீசல் எஞ்சின் இருப்பது முதல் குறை. லோடு ஏற்றும் தளத்தின் பலகைகள் வடுவும் பள்ளமுமாக இருப்பது இரண்டாவது குறை. அவர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். கையில் இருந்த படிவம் கேட்ட கேள்விகளுக்கு நேர்மையாகவே விடை எழுதினார். என் வழக்கு அந்தப் படிவத்தோடுதான்.

அந்தப் படிவம் கார்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. காரை வாங்குபவர் அது வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே வைத்திருக்க ஆசைப்படுவார். ஆகவே தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நிலையை அளவுகோலாகக் கொள்வது காருக்குப் பொருந்தும். லாரியையும் பஸ்ஸையும் வாங்கியவர்களோ அவற்றை உழைக்க வைப்பதற்காக வாங்கினார்கள். எரிபொருள் செலவு கட்டுப்படியாகாதபோது எஞ்சினை மாற்றினார்கள், சுமை கூடியபோது ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டினார்கள், ஒரு தொழில் நொடித்து வேறு தொழில் தொடங்கியபோது பாடியையே கழற்றிவிட்டு வேறு கட்டினார்கள். 1930களின் பிற்பகுதியில் வந்த பி6, பெட்ரோலில் ஓடிய பெட்போர்டுகள் பலவற்றில் இப்படித்தான் இடம் பிடித்தது. என் லாரியில் அதைப் பொருத்தியவர் அதை வைத்துப் பிழைத்தவர். அவர் அன்று அதைச் செய்யாமல் இருந்திருந்தால், பெட்ரோல் குடித்தே அது எப்போதோ பழைய இரும்பாகப் போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். வண்டியைக் காப்பாற்றிய வேலைக்கு நாம் மதிப்பெண் குறைக்கிறோம்.

தொழிற்சாலை நிலை என்ற சொல்லே இத்தகைய வண்டிகளில் பல வேளைகளில் பொருளற்றுப் போகிறது. 1917இல் வந்த ஃபோர்டு டிடி லாரி, பெரும்பாலும் வெறும் சேசிஸாகவே, அதாவது பாடி கட்டாத அடிச்சட்டமாகவே, விற்கப்பட்டது. வாங்கியவர் தமக்குத் தெரிந்த தச்சரிடமோ பாடி கட்டுபவரிடமோ கொண்டுபோய், பால் கேன் ஏற்றவோ மரம் ஏற்றவோ தமக்கு வேண்டியபடி கட்டிக்கொண்டார். அதன் பாடிக்கு எந்தத் தொழிற்சாலையின் வரைபடத்தைக் கொண்டுவந்து நீங்கள் ஒப்பிடுவீர்கள்?

லண்டனின் ரூட்மாஸ்டர் பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1954 முதல் 1968 வரை 2,876 வண்டிகள் கட்டப்பட்டன. 2005 டிசம்பரில்தான் அவை அன்றாடச் சேவையிலிருந்து விலகின. அவற்றை முழுமையாகப் பழுது பார்த்த ஆல்டன்ஹாம் பணிமனையில் பாடியைத் தனியே தூக்கி ஒரு வரிசையிலும், அடிப்பாகங்களை வேறொரு வரிசையிலும் அனுப்பிவிடுவார்கள். பாடி வேலை முடிய அதிக நாள் ஆகும் என்பதால், வேலை முடிந்து தயாராக நிற்கும் வேறொரு பாடியைப் பூட்டி, உள்ளே வந்த பஸ்ஸின் பதிவு எண்ணையே அதற்குச் சூட்டி வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆகவே இன்று ஒரு சேகரிப்பாளர் பெருமையோடு காட்டும் ரூட்மாஸ்டரின் பாடி, அந்த எண்ணோடு பிறந்த பாடியாக இருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. எண்களெல்லாம் பொருந்துகின்றனவா என்று அந்த வண்டியிடம் கேட்பது, ஓடும் ஆற்றிடம் நேற்றைய தண்ணீரைக் கேட்பது போலத்தான்.

இதைவிடச் சிக்கலானது அமெரிக்காவின் சீனிக்ரூசர். கிரேஹவுண்டு பஸ் நிறுவனத்துக்காக 1954 முதல் 1956 வரை ஜெனரல் மோட்டார்ஸ் கட்டிய அந்த 1,001 பஸ்களிலும் தொடக்கத்தில் இரண்டு நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின்கள் இணைத்துப் பூட்டப்பட்டிருந்தன. அந்த இரட்டை எஞ்சின் ஏற்பாடு ஓயாமல் தொல்லை கொடுத்ததால், 1961-62இல் எஞ்சியிருந்த 979 பஸ்களிலும் அதைக் கழற்றிவிட்டு ஒற்றை எட்டு சிலிண்டர் எஞ்சினை வைத்தார்கள். மக்கள் ஆண்டுக்கணக்கில் ஏறிப் பயணம் செய்தது இந்த மாற்றிய பஸ்ஸில்தான். படிவத்தின்படி முழு மதிப்பெண் வேண்டுமானால், அதன் உரிமையாளர் ஓடும் எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு, கைவிடப்பட்ட இரட்டை எஞ்சினைத் தேடி அலைய வேண்டும். அதை மீட்டெடுப்பு என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை.

பலகை வடுக்களுக்கு வருகிறேன். என் லாரியின் தளத்தில், பின்கதவுக்கு அருகே, பிறை வடிவில் ஏழெட்டுக் குழிகள் இருக்கின்றன. எண்ணெய் பீப்பாயைச் சாய்த்து உருட்டி இறக்கும்போது அதன் விளிம்பு பதிந்த இடங்கள் அவை. எல்லாமே இடப்பக்கமாக இருப்பதால், இறக்கியவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதுகூடத் தெரிகிறது. கிளட்ச் மிதியின் வரிகள் ஒரு ஓரத்தில் மட்டும் தேய்ந்து வழவழப்பாகியிருக்கின்றன. கதவில் ஓரிடத்தில் பெயிண்டைத் தேய்த்துப் பார்த்தபோது பச்சைக்கு அடியில் சிவப்பும், அதற்கும் அடியில் ஒரு பழைய உரிமையாளர் பெயரின் பாதி எழுத்துகளும் வெளிப்பட்டன. நான் அத்தோடு உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டேன். பட்டி பார்த்து, புதுப் பலகை போட்டு, பளபளவென்று பெயிண்ட் அடித்திருந்தால் உங்கள் தாளில் எனக்குக் கூடுதலாகச் சில மதிப்பெண்கள் கிடைத்திருக்கும். அந்த வண்டி செய்த வேலைக்குச் சான்றாக எதுவும் மிஞ்சியிருக்காது.

இது என் தனிப்பட்ட பிடிவாதம் என்று தள்ளிவிட வேண்டாம். 1966இல் தொடங்கப்பட்ட பழைய வாகனங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபீவா, 2012இல் ஏற்றுக்கொண்ட டுரின் சாசனத்தில், உள்ளதைக் காப்பதற்கே முதலிடம் கொடுத்து, மீட்டெடுப்பை அதற்கு அடுத்த நிலையில் வைத்திருக்கிறது. வண்டி தன் வாழ்நாளில் கண்ட மாற்றங்களும் அதன் வரலாற்றின் பகுதிகளே என்னும் பார்வை அதில் இருக்கிறது. நம் மதிப்பெண் தாள்கள்தாம் இன்னும் அவ்விடத்துக்கு வந்து சேரவில்லை.

அதற்காக எல்லாத் தேய்மானத்தையும் போற்ற வேண்டும் என்று நான் வாதாடவில்லை. பிரேக், ஸ்டியரிங் இணைப்புகள், டயர் ஆகியவற்றில் பழமைக்கு இடமில்லை. உளுத்துப்போன மரச்சட்டத்தின் மேல் ஆட்களை ஏற்றும் பஸ்ஸை மைதானத்துக்குள்ளேயே விடக் கூடாது. தனித்தனித் துண்டுகளாகக் கழற்றிப் பூட்டும் வகைப் பழைய லாரி ரிம், காற்றடிக்கும்போது அதன் வளையம் தெறித்தால் ஆளையே கொன்றுவிடும் என்பதை அறியாத புது உரிமையாளர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ரிம்மைப் பற்றிக் கேட்காத படிவம், இருக்கைத் துணியின் நிறத்தைப் பற்றி மட்டும் கேட்கிறது. அதேபோல், சென்ற ஆண்டு சொகுசுக்காகப் புதிய எஞ்சினும் தானியங்கி கியரும் வைத்துக்கொண்டு, அதையும் வரலாறு என்று சொல்லி வருபவரை நீங்கள் நம்ப வேண்டியதில்லை. இரண்டுக்கும் வேறுபாடு காண வழி இருக்கிறது: பழைய பட்டறை ரசீது, பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் எண் மாறிய பக்கம், வேலை செய்த காலத்தின் புகைப்படம் ஆகியவற்றைக் கேளுங்கள். என்னிடம் இவற்றில் இரண்டு இருந்தன. கேட்க யாரும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் மதிப்பிடும்போது எங்கள் வண்டிகள் பெரும்பாலும் நின்றபடியே இருக்கின்றன. என் லாரியில் கியரை இறக்குவதென்றால் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு, எஞ்சினின் சத்தத்தைக் காதால் அளந்து ஆக்சிலரேட்டரை ஓர் அழுத்து அழுத்தி, மறுபடி கிளட்சை மிதித்துக் கீழ் கியருக்குத் தள்ள வேண்டும். ஒரு நொடி பிசகினால் பல்லோடு பல் உரசும் சத்தம் மைதானம் முழுக்கக் கேட்கும். நான் இதை ஒரு முதிய ஓட்டுநரிடம், அவர் பக்கத்தில் உட்கார்ந்து முகம் சுளிக்கச் சுளிக்கக் கற்றுக்கொண்டேன். அப்படிக் கற்றுக்கொடுக்கக் கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். வண்டியோடு சேர்த்துக் காக்க வேண்டிய இந்தத் திறமைக்கு உங்கள் தாளில் ஒரு கட்டம்கூட இல்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். உழைப்பு வண்டிகளுக்குத் தனிப் படிவம் வையுங்கள். அதில் தொழிற்சாலை நிலையைப் பற்றிய கேள்விக்குப் பதிலாக, என்ன மாறியது, எந்த ஆண்டில், யாரால், எந்தத் தேவைக்காக, அதற்கு என்ன சான்று என்று கேளுங்கள். பெயிண்டுக்கு ஒதுக்கும் மதிப்பெண்ணில் பாதியையாவது வண்டியை ஓட்டிக் காட்டுவதற்கு மாற்றுங்கள். முடிந்தால், சுமையோடு ஓட்டச் சொல்லுங்கள்.

அடுத்த கண்காட்சிக்கும் அதே எஞ்சினோடும் அதே பலகைகளோடும்தான் வருவேன். ரசீதும் பதிவுப் புத்தகமும் இருக்கைக்கு அடியில் உள்ள தகரப் பெட்டியில் இருக்கும். பக்கத்து இருக்கையைக் காலியாக வைத்திருக்கிறேன். மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகு உங்கள் பேனாவைத் திறந்தால் போதும்.

இப்படிக்கு,
பழைய லாரி ஒன்றின் உரிமையாளர்