கஷாயக் குறிப்பு போடும்போது அளவையும் சேத்துப் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பெரம்பூர்ல இருக்கேன், உங்க பேப்பர் எங்க வீட்டுக்கு இருபத்தஞ்சு வருஷமா வருது. ஞாயித்துக்கிழமை இணைப்புல வர்ற வீட்டு வைத்தியக் குறிப்பத்தான் நான் மொதல்ல எடுத்துப் படிப்பேன். போன வாரம் மழைக்கால சளி இருமலுக்கு ஒரு கஷாயம் போட்டிருந்தீங்க, துளசி, ஆடாதோடை, அதிமதுரம், சுக்கு, மிளகு எல்லாத்தையும் போட்டு கொதிக்க வச்சு வீட்ல எல்லாரும் தினமும் குடிங்கன்னு. எவ்ளோ போடணும், தண்ணி எவ்ளோ, எத்தன நாள் குடிக்கணும், யாரு குடிக்கக் கூடாது, இதுல ஒண்ணுமே இல்ல. அத படிச்சதுலேருந்து மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

கஷாயமே வேணாம்னு சொல்ற ஆள் இல்ல நான். எங்க மொட்டை மாடியில பெயின்ட் டப்பாவுலயும் பழைய வாளியிலயும் ஓமவல்லி, துளசி, தூதுவளை, ஆடாதோடை, வெத்தலைக்கொடி எல்லாம் வச்சிருக்கேன், ஒரு பெரிய டிரம்ல நொச்சி கூட இருக்கு. எங்க மாமியார் செங்கல்பட்டு பக்கம், அவங்க கிட்டத்தான் எல்லாத்தையும் கத்துக்கிட்டேன். ஐப்பசி கார்த்திகையில வீட்ல யாருக்காவது மூக்கடைச்சா நொச்சி இலைய கொதிக்க வச்சு போர்வைய போத்தி ஆவி பிடிக்கிறது இன்னைக்கும் நடக்குது. அதனால இதெல்லாம் சும்மான்னு சொல்றவங்க கூட நான் சண்டைக்கே போவேன். ஆனா எங்க வீட்லயே ஒண்ணு நடந்துச்சு, அத சொல்லணும்.

எங்க மாமனாருக்கு பிரஷர் உண்டு, தினமும் மாத்திரை போடுறவரு. ரெண்டு வருஷம் முன்ன தொண்டை கரகரப்புக்கு அதிமதுரம் நல்லதுன்னு எங்கயோ படிச்சுட்டு தினமும் காலையில ஒரு டம்ளர் கஷாயம், அது போக பகல்ல ஒரு துண்ட வாயில அடக்கிக்கிறது, இப்படியே ஒரு மாசத்துக்கு மேல ஓடிடுச்சு. தொண்டை சரியாப் போச்சு, கால் ரெண்டும் வீங்கிடுச்சு, பிரஷர் மாத்திரைக்கு அடங்கவே இல்ல. டாக்டர் எல்லாத்தையும் கேட்டுட்டு கடைசியா நாட்டு மருந்து ஏதாவது சாப்புடுறாரான்னு கேட்டப்போதான் நான் இத சொன்னேன். அதிமதுரம் நெறைய நாள் எடுத்தா உடம்புல உப்பும் தண்ணியும் தங்கிடுமாம், பொட்டாசியம் கொறைஞ்சிடுமாம், பிரஷர் ஏறுமாம். நிறுத்துன கொஞ்ச நாள்லயே வீக்கம் வடிஞ்சுது. ரெண்டு மூணு நாளைக்கு ஒரு சின்ன துண்டு போட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது, ஆனா தினமும்னு எழுதியிருந்துச்சே, அவரு அத நம்பிட்டாரு.

ஆடாதோடையும் அப்படித்தான். ஆடு கூட தொடாத செடிங்கிறதாலதான் அந்தப் பேருன்னு சொல்லுவாங்க, அவ்ளோ கசப்பு. நெஞ்சுல கட்டுன சளிய எளக்குறதுல அதுக்கு ஈடு கெடையாதுன்னு நான் சொல்லுவேன், இன்னைக்கு மெடிக்கல் ஷாப்ல வாங்குற இருமல் டானிக்ல இருக்கிற புரோம்ஹெக்சின், ஆம்ப்ராக்ஸால் ரெண்டுமே ஆடாதோடையில இருக்கிற வாசிசின்ங்கிற பொருள வச்சு உருவாக்குனதுதான். ஆனா அதே வாசிசினுக்கு கர்ப்பப்பைய சுருங்க வைக்கிற குணமும் இருக்கு, அதனால மாசமா இருக்கிறவங்க அத தொடவே கூடாது. எங்க தெருவுல மூணு மாசம் ஆன பொண்ணு ஒருத்தி போன மழையில இருமலோட வந்து "ஆன்ட்டி, மாடியிலேருந்து நாலு ஆடாதோடை இலை குடுங்க"ன்னு கேட்டுச்சு, நல்லவேளை என்கிட்ட கேட்டுச்சு. உனக்கு இது வேணாம்மா, உன் டாக்டர கேளுன்னு சொல்லி அனுப்புனேன். உங்க குறிப்புல "வீட்ல எல்லாரும்"னு இருந்தத படிச்சப்போ எனக்கு அந்தப் பொண்ணு ஞாபகம்தான் வந்துச்சு.

செய்முறையிலயும் எவ்ளோ விஷயம் இருக்கு தெரியுமா. எல்லாத்தையும் ஒண்ணா போட்டு கொதிக்க விடுறது கஷாயமே இல்ல. எங்க மாமியார் வேர், பட்டை, சுக்கு மாதிரி கெட்டியான சரக்க ஒண்ணு ரெண்டா இடிச்சு மொதல்ல போடுவாங்க, அது சின்ன தீயில ரொம்ப நேரம் கொதிக்கணும், ஆடாதோடை மாதிரி கசப்பு இலை நடுவுல. ஓமவல்லியும் துளசியும் கடைசி, அடுப்ப அணைக்கிற நேரத்துல கிள்ளிப் போட்டு உடனே மூடிடணும், அந்த வாசனைதான் அதோட மருந்து, தெறந்து வச்சு அரை மணி நேரம் கொதிக்க விட்டா வீடு பூரா மணக்கும், டம்ளர்ல ஒண்ணும் இருக்காது. மண்சட்டி இல்லன்னா எவர்சில்வர், அலுமினியம் வேணாம். பெரியவங்க ஒருத்தருக்குன்னா நான் ரெண்டு ஆடாதோடை இலை, நாலு மிளகு, ஒரு சின்ன துண்டு சுக்கு, ரெண்டு டம்ளர் தண்ணி, அது அரை டம்ளரா சுண்டணும், மூணு நாள், அவ்ளோதான், மூணு நாள்ல இருமல் கேக்கலன்னா டாக்டர்கிட்ட போயிடணும். தேன் கலக்கறதா இருந்தா ஆறுனப்புறம்தான் கலக்கணும், ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு தேனே கூடாது.

இன்னொண்ணு, காலையில போட்ட கஷாயத்த ஃப்ரிட்ஜ்ல வச்சு சாயங்காலம் சூடு பண்ணி குடிக்கிறாங்க, சில பேரு ஒரு வாரத்துக்கு போட்டு பாட்டில்ல ஊத்தி வைக்கிறாங்க. சித்த மருத்துவத்துல குடிநீர்னு சொல்ற கஷாயத்துக்கு ஆயுசு ஒரு சாமம்னு கணக்கு வச்சிருக்காங்க, அதாவது மூணு மணி நேரம். சூரணத்துக்கு, லேகியத்துக்கு, பஸ்பத்துக்கு எல்லாம் தனித்தனி கணக்கு. இவ்ளோ நுணுக்கமா யோசிச்சு வச்ச வைத்தியத்த நாம "கொஞ்சம் இது, கொஞ்சம் அது"ன்னு எழுதலாமா?

நிலவேம்புக் குடிநீர் கதையும் இதேதான். டெங்கு சமயத்துல நம்ம ஊர்ல தெருத் தெருவா குடுத்தாங்க, நானும் வாங்கி குடிச்சிருக்கேன். அது வெறும் நிலவேம்பு இல்லீங்க, 9 சரக்கு சேந்தது, நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்பாடகம், சுக்கு, மிளகு. 2020-ல கொரோனா நேரத்துல குடுத்த கபசுரக் குடிநீர் 15 சரக்கு. இப்ப நர்சரியில ஒரு செடிய வாங்கி வச்சு ரெண்டு கொத்து ஒடைச்சு கொதிக்க வச்சுட்டு நிலவேம்புக் குடிநீர் குடிச்சிட்டேன்னு சொல்றாங்க. அந்தச் செடியே நிலவேம்புதானான்னு எப்படி தெரியும்? ஒரு கடையில சிறியாநங்கைன்னு குடுக்கிறது இன்னொரு கடையில நிலவேம்பு, ஊருக்கு ஊர் பேரு மாறுது. அதுலயும் ரோட்டோரம், பிளாட்பாரம், ரயில்வே வேலியோரம் மொளச்சத பறிச்சிட்டு வர்றவங்க இருக்காங்க, அதுமேல வண்டிப் புகை, நாய் மூத்திரம், கொசு மருந்து எல்லாம் படிஞ்சிருக்கும். சுகர் மாத்திரை, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறவங்க எந்தக் கஷாயமா இருந்தாலும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேக்காம குடிக்கவே கூடாது. காய்ச்சல் ரெண்டு நாளுக்கு மேல விடாம இருந்தா மொதல்ல ரத்தப் பரிசோதனை, அப்புறம்தான் மத்ததெல்லாம்.

மஞ்சக்காமாலைக்கு கீழாநெல்லி நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும், அத பத்தி நம்ம மெட்ராஸ்லயே பெரிய ஆராய்ச்சி நடந்துச்சு. டாக்டர் எஸ்.பி. தியாகராஜனும் நோபல் பரிசு வாங்குன புளும்பெர்க்கும் சேந்து கல்லீரலத் தாக்குற ஹெபடைட்டிஸ் பி கிருமி உள்ளவங்களுக்கு கீழாநெல்லி குடுத்துப் பாத்து 1988-ல லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகையில எழுதுனாங்க, உலகமே திரும்பிப் பாத்துச்சு. அதுக்கப்புறம் வேற எடங்கள்ல செஞ்சு பாத்தப்போ அந்த அளவுக்கு பலன் வரல. எனக்கு இது வருத்தம்தான், ஆனா மறைக்கக் கூடாது இல்லையா. காமாலைங்கிறது கண்ணு மஞ்சளாகுற ஒரு அறிகுறி, அது கெட்ட தண்ணியால வந்திருக்கலாம், பித்தப்பைக் கல்லால கூட வந்திருக்கலாம், கல்லு அடைச்சிருந்தா கீழாநெல்லி என்ன பண்ணும் பாவம். மோர்ல அரைச்சு குடுக்கிறவங்க குடுக்கட்டும், லிவர் டெஸ்ட் பண்ணிட்டு டாக்டர்கிட்ட சொல்லிட்டு குடுக்கட்டும்.

கேட்டுத் தெரிஞ்சுக்க எடமா இல்ல நமக்கு? அரும்பாக்கத்துல அரசு இந்திய மருத்துவமனை இருக்கு, தாம்பரம் சானடோரியத்துல 2005-ல தொறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கு, ஸ்டேஷன்ல எறங்குனா பக்கம்தான். முறையா படிச்ச சித்த மருத்துவர்கள் அங்க உக்காந்திருக்காங்க. மழை ஆரம்பிக்கிறப்போ அவங்கள்ல ஒருத்தர கேட்டு ஒரு பக்கம் போடுங்களேன், நாங்க வெட்டி ஒட்டி வச்சுக்குவோம், நான் இன்னும் பழைய டைரியில ஒட்டித்தான் வச்சிருக்கேன்.

அதுவரைக்கும் வர்ற குறிப்புலயாவது இதெல்லாம் இருக்கட்டும். செடியோட போட்டோ தெளிவா, இலையா வேரான்னு, எத்தன கிராம் எவ்ளோ தண்ணி எவ்ளோவா சுண்டணும்னு, எத்தன நாளுன்னு, அப்புறம் கர்ப்பிணி, பால் குடுக்கிற அம்மா, கைக்குழந்தை, பிரஷர், சுகர், கிட்னி பிரச்சனை உள்ளவங்க இதுல யாரு தொடக்கூடாதுன்னு தடிச்ச எழுத்துல ஒரு வரி. போன வாரக் கஷாயத்துக்கும் ஒரு திருத்தம் இந்த ஞாயித்துக்கிழமையே போட்டுடுங்க ஐயா, நெறைய பேரு அத வெட்டி கிச்சன்ல ஒட்டியிருப்பாங்க.

இப்படிக்கு,
பெரம்பூர் வாசகி,
சென்னை