காருரு அருவிக்குக் காசு வாங்கினீர்கள், காட்டவில்லை: ஏ-3 திட்டம் குறித்த புகார்

அனுப்புநர்: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், ஸ்ரீரங்கம், திருச்சி.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, சென்னை தலைமை அலுவலகம்.

பொருள்: கென்யா அபர்டேர் மலைப் பயணத்தில் இரண்டாம் நாள் நிகழ்ச்சி முழுவதும் நடக்காமல் போனதற்குப் பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் பன்னிரண்டாவது கடிதம். முதல் பதினொன்றும் மின்னஞ்சல்கள். அவற்றில் நான்குக்கு "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்று ஒரே பதில் வந்தது. மீதி ஏழுக்கு அதுவும் வரவில்லை. அதனால் இதை ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். யாராவது ஒருவர் உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படிக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

கென்யாவின் அபர்டேர் மலைகளுக்கு உங்கள் பயணக் கம்பெனி போட்ட ஏ-3 சுற்றுலாத் திட்டம் என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை. போட்டவர்கள் நீங்கள். நான், என் மனைவி, ஏழாம் வகுப்பு படிக்கும் பேரன், மூன்று பேருக்கும் சேர்த்து 6,45,000 ரூபாய் கட்டினேன். ரசீதில் தனி வரியாக "ஃபோர் வீல் டிரைவ் வாகனக் கட்டணம் 42,000" என்று இருக்கிறது, அதாவது நான்கு சக்கரமும் இழுத்துச் சேற்றிலும் ஏறும் வண்டிக்கு. அந்த வரியைத் தயவுசெய்து ஒரு முறை எடுத்துப் பாருங்கள். இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான்.

முதல் நாள் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. லாட்ஜ்காரர்கள் தங்கள் பேருந்திலேயே காட்டுக்குள் அழைத்துப் போனார்கள். ராத்திரி, விலங்குகள் உப்பு நக்க வரும் உப்புக்குழிக்கு யானைக் கூட்டம் வந்தது, காட்டெருமை வந்தது, கருகருவென்று ஒரு ராட்சதக் காட்டுப்பன்றி குட்டிகளோடு வந்தது. பேரன் பன்னிரண்டு மணி வரை கண்ணாடியை விட்டு நகரவில்லை. பாங்கோ மானைக் காட்டுவோம் என்று உங்கள் விளம்பரத்தில் போட்டிருந்தீர்கள். அது வரவில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அங்கே இருப்பது மலை பாங்கோ என்ற வகை; இயற்கைக் காட்டில் என்றால் உலகத்திலேயே கென்யாவின் சில மலைக்காடுகளில் மட்டும், அதுவும் நூறுக்கும் குறைவாக மிஞ்சியிருக்கிற பிராணி அது. வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. ஆனால் அருவி எங்கேயும் ஓடிப்போவதில்லை. அது அங்கேயேதான் இருந்தது. நாங்கள்தான் போகவில்லை, உங்களால்.

இரண்டாம் நாள் நிரலில் நீங்கள் எழுதிக் கொடுத்தது இது: ருஹுருய்னி வாயில் வழியாக மேலேறி, மூங்கில் காட்டைத் தாண்டி, உயர்மலைப் புல்வெளியில் காருரு அருவி, பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறம் குரா அருவி, மகுரா ஆற்று அருவியை ஒட்டிய ராணி குகை, பிறகு கிமாத்தி அஞ்சல் நிலையம் என்று சொல்லப்படும் அத்தி மரம். இந்த நான்குக்காகத்தான் நான் ஏ-3 எடுத்தேன். மற்ற திட்டங்களில் மசாய் மாரா, சிங்கம் எல்லாம் இருந்தும் வேண்டாம் என்றேன். உங்கள் பதிவுப் பிரிவுப் பெண்ணே, "சார், எல்லாரும் மாரா தான் கேப்பாங்க, நீங்க ஏன் இதைக் கேக்கறீங்க?" என்றார். மரியாதையான பெண். அவர் மீது எனக்கு வருத்தமில்லை.

ஏன் கேட்டேன் என்று சொல்கிறேன். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்தவன் நான். பாடப் புத்தகத்தில் ஆப்பிரிக்க விடுதலை சில பத்திகளில் முடிந்துவிடும். நான் அங்கே நிறுத்தி, அபர்டேர் காடுகளில் மௌ மௌ போராளிகள் வெள்ளையரை எதிர்த்து வருஷக்கணக்கில் குளிரிலும் மழையிலும் கிடந்ததை ஒரு முழு வகுப்பு சொல்வேன். அவர்களின் தலைவர் தேடான் கிமாத்தி 1956 அக்டோபரில் பிடிபட்டதையும், 1957 பிப்ரவரியில் தூக்கிலிடப்பட்டதையும் தேதியோடு சொல்வேன். நாடு விடுதலையானது 1963-ல், அவர் பார்க்கவில்லை. போராளிகள் ஒருவருக்கொருவர் கடிதம் விட்டுச்சென்ற மரத்தை ஒரு முறை கையால் தொட்டுவிட்டு வர வேண்டும் என்பது என் ஆசை. அறுபத்தெட்டு வயதில் இன்னொரு முறை எப்போது போவேன்?

சரி, நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் நாள் காலை நியேரியில் எங்களை ஏற்ற வந்தது ஒரு சாதாரண வேன். ஊருக்குள் ஆட்களை ஏற்றி இறக்கும் வேன். கீழே தரைக்கும் வண்டிக்கும் ஒரு சாண் இடைவெளிதான் இருக்கும். முதல் நாள் ராத்திரியிலிருந்தே மழை. ஏப்ரலில் அங்கே பெருமழைக்காலம், மார்ச்சில் தொடங்கி மே வரைக்கும். இது எனக்கு அங்கே போய்த்தான் தெரியும். உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பேரனுக்கு அப்போதுதான் விடுமுறை, மழை இருக்குமா என்று நான் இரண்டு தடவை கேட்டேன். "சூப்பர் வெதர் சார்" என்றார்கள்.

வாயிலில் வனக்காவலர் வெளியே வந்தார். எதுவும் பேசவில்லை. குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தார், டயரின் தேய்ந்த பட்டையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், நிமிர்ந்து மேலே போகும் பாதையைக் காட்டினார். செம்மண் குழைந்து, தண்ணீர் இரண்டு தாரையாக ஓடிக்கொண்டிருந்தது. தலையை அசைத்துவிட்டார். இந்த வண்டி போகாது, நடுக்காட்டில் மாட்டினால் யானை நடமாட்டம் என்று சொன்னார். அவர் சொன்னது சரிதான். உங்கள் ஓட்டுநர் என்னிடம் வந்து, "ம்ஸே, நான் நேற்றே சொன்னேன், வேறு வண்டி வேண்டும் என்று இரண்டு முறை சொன்னேன்" என்றார். ம்ஸே என்றால் அவர்கள் மொழியில் பெரியவரே என்று அர்த்தம். ஆக உங்களுக்கு முந்தின நாளே தெரியும்.

உங்கள் 24 மணி நேர அவசர எண்ணுக்கு அங்கிருந்து பத்தொன்பது முறை அழைத்தேன். அங்கே காலை எட்டரை என்றால் சென்னையில் பதினொரு மணி. அலுவலக நேரம்தானே? ஒருவர்கூட எடுக்கவில்லை. மூன்று மணி நேரம் அந்த வாயிலில் வேனுக்குள் உட்கார்ந்திருந்தோம். யானைகள் தோட்டங்களுக்குள் வராமல் இருக்க அந்த மலையைச் சுற்றிக் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டருக்கு மின்வேலி போட்டு 2009-ல் முடித்திருக்கிறார்கள். 766 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா வேலிக்கு உள்ளே, நாங்கள் வெளியே.

என் பேரன் ஊரிலிருந்தே ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு வந்திருந்தான். அதில் காருரு அருவியை மூன்று படியாகப் பென்சிலில் வரைந்து, பக்கத்தில் 117, 26, 130 என்று மீட்டர் கணக்கு எழுதி, கீழே கூட்டி 273 என்று கோடு போட்டு வைத்திருந்தான். நேரில் பார்த்துவிட்டு வண்ணம் அடிப்பதாகத் திட்டம். வேனுக்குள் அதை மடியில் விரித்தபடியே தூங்கிப்போனான். அந்தப் பக்கம் இன்னும் பென்சில் கோடாகவே இருக்கிறது. இதற்கு நீங்கள் என்ன விலை போடுவீர்கள்?

இப்போது உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு இளைஞரிடம் வருகிறேன். பெயர் கேட்டேன், சொல்லவில்லை. மே மாதம் அவர் என்னிடம் பேசியதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்: "சார், மூணாம் நாள் தாம்சன் அருவி காட்டினோமா இல்லையா? தண்ணி மேல இருந்து கீழ விழுந்துச்சா? அவ்ளோதான் சார் அருவி."

ஒரு பயணக் கம்பெனியில் வேலை பார்ப்பவர் பேசும் பேச்சா இது? நியாஹுருருவில் இருக்கும் தாம்சன் அருவி 74 மீட்டர். அழகான அருவிதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதன் தண்ணீரும் இதே மலையிலிருந்து வருவதுதான். 1883-ல் ஸ்காட்லாந்துக்கார ஆராய்ச்சிப் பயணி ஜோசப் தாம்சன் தன் அப்பாவின் பெயரை வைத்தது. ஆனால் அது ஊரை ஒட்டி இருக்கிறது, நினைவுப்பொருள் கடைகளைத் தாண்டி நடந்தால் வந்துவிடும். அதற்கு ஃபோர் வீல் டிரைவும் வேண்டாம், 42,000 ரூபாயும் வேண்டாம். குற்றாலம் பேரருவி என்று பணம் வாங்கிவிட்டுப் புலியருவியில் இறக்கிவிட்டு, இதுவும் தண்ணிதானே என்று சொன்னால் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒப்புக்கொள்வார்களா? குகை எங்கே? மரம் எங்கே? அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்: "மரம் எல்லா ஊர்லயும் இருக்கு சார்." அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்றைக்கும் அந்தக் குரல் காதில் நிற்கிறது. முப்பத்தொரு வருஷத்தில் என்னிடம் படித்த ஒரு பையன்கூட என்னிடம் இந்தத் தொனியில் பேசியதில்லை.

அப்புறம் ஜூன் மாதம் உங்கள் அலுவலகத்துக்கே வரச் சொன்னீர்கள். அசல் ரசீதோடு, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க வந்து, எழும்பூரில் இறங்கி, ஸ்டேஷனிலேயே முகம் கழுவிவிட்டு ஒன்பதே முக்காலுக்கு உங்கள் வாசலில் நின்றேன். மேலாளர் கொச்சி போயிருப்பதாகச் சொன்னார்கள். எப்போது போனார் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமையே என்றார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குத்தான் எனக்கு "திங்கள் வாருங்கள்" என்று குறுஞ்செய்தி அனுப்பினீர்கள்! மூட்டுவலிக்காரன், நாலு மணி வரைக்கும் அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். மதியத்துக்கு மேல் காவலாளி வந்து, புது வாடிக்கையாளர்கள் வருகிறார்கள், கொஞ்சம் வெளியே உட்காருங்கள் என்றார். பணம் கட்ட வருபவனுக்கு ஏசி அறை, பணம் கட்டி முடித்தவனுக்குப் படிக்கட்டு. கடைசியில் ஒருவர் வந்து, "மெயில் போடுங்க சார், பாத்துக்கறோம்" என்றார்.

அதன் பிறகு நீங்கள் அனுப்பியது அடுத்த பயணத்துக்கான 5,000 ரூபாய் தள்ளுபடிக் கூப்பன். அதை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

என்னைப் பொறுத்தவரை இந்தப் பயணத்துக்குக் கட்டிய மொத்தப் பணமும் வீண். அந்த ஒரு நாள் இல்லையென்றால் நான் கென்யாவுக்கே போயிருக்க மாட்டேன். ஓய்வூதியப் பணம் அது, என் வாழ்நாள் சேமிப்பே போன மாதிரிதான். இருந்தாலும் நியாயமாகக் கேட்கிறேன். போடாத வண்டிக்கு வாங்கிய 42,000, நடக்காத இரண்டாம் நாளுக்கான தொகை, வீணாகச் சென்னை வந்துபோன செலவு, எழுத்து மூலமாக ஒரு மன்னிப்பு. மன்னிப்புக் கடிதம் என் மனைவி பெயருக்கும் பேரன் பெயருக்கும் வர வேண்டும். அவர்களும் அந்த வேனுக்குள் உட்கார்ந்திருந்தவர்கள்.

உங்களோடு சண்டை போடுவது என் நோக்கமில்லை. எத்தனையோ குடும்பங்களை நல்லபடியாக அழைத்துப் போய் வந்திருப்பீர்கள். இதையும் சுமுகமாக முடிக்கலாம். ஆனால் இந்தக் கடிதம் கிடைத்த பதினைந்து நாளுக்குள் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் திருச்சியிலேயே வழக்குப் போடலாம், இதற்காக இனிமேல் நான் சென்னைக்கு வர வேண்டியதில்லை. நான் கட்டிய தொகைக்கு மனுக் கட்டணம் 200 ரூபாய்தான், வக்கீல்கூடத் தேவையில்லை. இரண்டு வருஷம் வரை காலக்கெடு இருக்கிறது, நானோ ஓய்வுபெற்றவன், எனக்கு நேரம் நிறைய உண்டு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அந்த இளைஞர் பேசிய பேச்சின் ஒலிப்பதிவு உங்களிடம் இருக்கும், அழைப்பு தொடங்கும்போதே பதிவு செய்கிறோம் என்று சொல்கிறீர்களே. அதை அழித்துவிட வேண்டாம். ஆணையத்தில் கேட்பேன்.

நல்ல பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஏ-3 திட்டப் பயணி, ஸ்ரீரங்கம்.

இணைப்பு: ரசீது நகல், இரண்டாம் நாள் நிரல், வாயிலில் எடுத்த வண்டியின் இரண்டு படங்கள், 5,000 ரூபாய் கூப்பன் (அசல்).

பி.கு.: அந்த ஓட்டுநர் மீது எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம். முன்கூட்டியே உண்மையைச் சொன்னவர் உங்கள் தரப்பில் அவர் ஒருவர்தான். வாயிலில் காத்திருந்தபோது தன் ஃபிளாஸ்கிலிருந்து என் மனைவிக்குச் சூடாக டீ ஊற்றிக் கொடுத்தார்.