இரவு கடைசிப் பேருந்தைப் பெரும்பாக்கம் குடியிருப்பு வரை இயக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
வீட்டு வேலை, துப்புரவு வேலை, மண்டப வேலைக்குச் செல்லும் பெண்கள்,
நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய அடுக்குமாடிக் குடியிருப்பு,
பெரும்பாக்கம், செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு உயர் அலுவலர் அவர்கள்,
நகரப் பேருந்து இயக்கப் பிரிவு, சென்னை.

பொருள்: இரவு கடைசிப் பேருந்து சோழிங்கநல்லூரிலேயே நிறுத்தப்படுவது, பெரும்பாக்கம் வரை இயக்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நாங்கள் முன்பு கொடுத்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் இடத்தைப் பற்றித் தங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம் கரையிலிருந்து அகற்றப்பட்டு இங்கே வந்தவர்கள் எங்களில் பலர். வீடு பெரும்பாக்கத்துக்கு வந்துவிட்டது. வேலை இன்னும் சிந்தாதிரிப்பேட்டையிலும் நுங்கம்பாக்கத்திலும்தான் இருக்கிறது. நடுவில் 25 கிலோமீட்டருக்குக் குறையாது. ஆகவே பேருந்துதான் எங்களுக்கு எல்லாம். முன்பு கொடுத்த மனுக்களால் எதுவும் மாறாததால் மீண்டும் பணிவுடன் எழுதுகிறோம்.

1. பகலில் போதுமான பேருந்து இல்லை, நிழற்குடை இல்லை. இவற்றை முன்பே எழுதியிருக்கிறோம். அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

2. இரவு கடைசிப் பேருந்துதான் எங்கள் உயிரை எடுக்கிறது. பலகையில் 'பெரும்பாக்கம்' என்றுதான் போட்டிருக்கும். அண்ணா சாலையில் ஏறும்போது கேட்டாலும் "போகும், ஏறுங்க" என்பார்கள். துரைப்பாக்கம், காரப்பாக்கம் தாண்டும் வரை யாரும் வாய் திறப்பதில்லை. சோழிங்கநல்லூர் சிக்னல் வந்ததும் விசில் ஊதி, "இதோட கட்டு, எல்லாரும் இறங்குங்க" என்று விளக்கை அணைத்துவிடுகிறார்கள். தினமும் இப்படி என்று சொல்லவில்லை. எந்த நாள் வரும், எந்த நாள் வராது என்று தெரியாததுதான் கொடுமை. முகூர்த்த நாட்களில் மண்டபத்தில் பாத்திரம் கழுவிவிட்டு வருகிறவர்கள் முழங்கால் வரை ஈரப் புடவையோடு ரோட்டில் நிற்கிறார்கள். ஷேர் ஆட்டோக்காரரிடம் கேட்டால் "பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டா? அங்க வரமாட்டேன்" என்கிறார். வருகிறவர் ஆளுக்கு ஐம்பது கேட்கிறார். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அரசு செய்தது பெரிய உதவி, நன்றி மறக்கவில்லை. ஆனால் அத்தனை தூரம் காசில்லாமல் வந்து, கடைசி நாலு கிலோமீட்டருக்கு ஐம்பது ரூபாய் என்றால் அன்றைய கூலியில் என்ன மிச்சம்?

காசில்லாதவர்கள் நடக்கிறார்கள். மெட்ரோ வேலைக்காக வைத்த தடுப்புத் தகரத்துக்கும் லாரிக்கும் நடுவே ஒரு ஆள் போகத்தான் இடம். போன் டார்ச்சை அடித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகப் போகிறோம். ஐயா, தங்கள் வீட்டுப் பெண்களை அந்த நேரத்தில் அந்தச் சாலையில் நடக்க விடுவீர்களா? இப்படிக் கேட்பதற்கு மன்னிக்கவும். வேறு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

3. ஓட்டுநர், நடத்துநர் மீது நாங்கள் புகார் சொல்லவில்லை. அவர்களிடமே பேசிப் பார்த்தோம். ஓட்ட நேரம், அதாவது ஒரு ட்ரிப்புக்குக் கொடுக்கும் நேரம், பழைய கணக்கில் இருக்கிறது. ராஜீவ்காந்தி சாலையில் மெட்ரோ வேலை நடப்பதால் வண்டி ஊர்ந்து வருகிறது. சோழிங்கநல்லூர் வருவதற்குள் டூட்டி நேரம் முடிந்துவிடுகிறது. திரும்பி டெப்போவுக்கு வேறு போக வேண்டும். அதனால் ட்ரிப்பைக் கட் செய்கிறார்கள். சாலை மாறிவிட்டது, அட்டவணை மட்டும் மாறவில்லை. இதைச் சரிசெய்ய வேண்டியது நடத்துநரா, அலுவலகமா?

4. எங்கே போய்க் கேட்டாலும் பந்தாடுகிறார்கள். பேருந்து ஒரு துறை, சாலை ஒரு துறை, மெட்ரோ வேலை ஒரு துறை, தெருவிளக்கு ஊராட்சி. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் நாங்கள் இல்லையாம், சரி, சென்னையில் வீடு பெருக்குகிறவர்கள் மட்டும் நாங்கள்தானே? இதையெல்லாம் ஒன்றாகப் பார்க்கத்தான் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010-லேயே சட்டம் போட்டார்கள். மெட்ரோ இரண்டாம் கட்டம் 63,246 கோடி ரூபாய்த் திட்டம். அதன் மாதவரம்–சோழிங்கநல்லூர் தடம் எங்கள் பெரும்பாக்கம் வழியாகத்தான் வருகிறது. வரட்டும், சந்தோஷம். அது வரும் வரை ஒரு பேருந்து, இரவில் ஒரே ஒரு பேருந்து, நாலு கிலோமீட்டர் கூடுதலாக ஓட முடியாதா? போன மனுவுக்கு "தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு முடித்து வைக்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. என்ன பரிசீலித்தார்கள், எதை முடித்தார்கள்? அந்தச் செய்தியைப் படித்த இரவும் சோழிங்கநல்லூரில்தான் இறங்கினோம்.

5. நாங்கள் கேட்பது இதுதான். கடைசிப் பேருந்தை எங்கள் குடியிருப்பில் நைட் ஹால்ட் போடுங்கள், இரவு அங்கேயே நிற்கட்டும். அதுவே விடியற்காலை முதல் பேருந்தாகப் புறப்படட்டும். ஆறு மணிக்கு வேலைக்கு நிற்க வேண்டியவர்களுக்கும் உதவும், வண்டி காலியாக டெப்போவுக்குப் போகவும் வேண்டாம். ஓட்டுநரும் நடத்துநரும் படுக்க ஓர் அறை, கழிப்பறை, தண்ணீர் வேண்டும். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டிய இடத்தில் ஓர் அறை கிடைக்காதா? அதற்கு வாரியத்திடம் பேச வேண்டியது தாங்கள்தான், எங்கள் பேச்சு எடுபடவில்லை. ஓட்ட நேரத்தையும் இப்போதைய சாலை நிலைக்கு ஏற்ப மாற்றித் தர வேண்டும்.

6. அதுவரைக்குமாவது, வராத பேருந்தில் 'பெரும்பாக்கம்' என்று பலகை போடாதீர்கள்.

ஐயா, அறிக்கை கேட்டு எழுதி இதையும் முடித்து வைத்துவிட வேண்டாம். ஓர் இரவு தாங்களே அல்லது தங்கள் அலுவலர் ஒருவர் அந்தக் கடைசிப் பேருந்தில் ஏறி வந்து பாருங்கள். கடைசிப் பேருந்து பெரும்பாக்கம் குடியிருப்பு வரை வர உத்தரவிடுமாறு மீண்டும் மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பெரும்பாக்கம் குடியிருப்புப் பெண்கள்

இணைப்பு: கையொப்பங்களும் கைநாட்டுகளும், முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டு நகல்கள்.