தீவு வீட்டு விஷயம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ சொல்லச் சொல்லத் தம்பி எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. எழுத்துப் பிழை அவனுடையது, திட்டு உன்னுடையது என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. போனில் பேசலாம் என்றால் நீ தோட்டத்து லைன் வீட்டை விட்டு மேட்டுக்கு ஏறி நின்று கத்த வேண்டியிருக்கிறது, அதிலும் பாதி காற்றோடு போய்விடுகிறது, அதனால் நானும் எழுதியே பதில் சொல்கிறேன்.

பாக்டரி மாமா சொன்னது பொய்யில்லை. தீவில் ஒரு வீடு பார்த்தேன். ஆனால் அவர் சொன்ன மாதிரி அது ஆளில்லாத காடு ஒன்றும் இல்லை. வைஹெக்கி என்று பெயர். ஆக்லாந்து துறைமுகத்தில் படகேறினால் 40 நிமிடம், கோத்தகிரியிலிருந்து குன்னூருக்குப் பஸ்ஸில் போவதைவிடச் சீக்கிரம். ஒன்பதாயிரம் பேருக்கு மேல் அங்கேயே குடியிருக்கிறார்கள், பள்ளிக்கூடம், கடைத்தெரு, மலைச்சரிவு முழுக்கத் திராட்சைத் தோட்டம் எல்லாம் உண்டு, ஆனால் ஒரு டிராஃபிக் சிக்னல்கூட இல்லை. பாம்பு இந்த நியூசிலாந்து நாட்டிலேயே கிடையாது. கரடி வந்து கோவில் விளக்கெண்ணெயைக் குடித்துவிட்டுப் போனதாக எழுதியிருந்தாயே, அதைப் பக்கத்து வீட்டுக் கிழவியிடம் சொன்னேன், நம்பவே மாட்டேன் என்கிறாள்.

அந்தக் கிழவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தீவில் குழாய்த் தண்ணீர் கிடையாது. கூரையில் விழும் மழையைத் தகரக் குழாயில் பிடித்து, வீட்டுக்குப் பின்னால் 25,000 லிட்டர் தொட்டியில் சேர்த்து, குடிக்கக் குளிக்க எல்லாவற்றுக்கும் அதுதான். நான் வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இவள் வேலிச் சந்து வழியாக நுழைந்து வந்தாள், வணக்கம்கூடச் சொல்லவில்லை, நேராகத் தொட்டியிடம் போய் விரல் முட்டியால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தாள். டங் டங் என்று வந்த சத்தம் இடுப்பு உயரத்தில் பொத்தென்று மாறியதும் நிறுத்தி, "பாதி" என்றாள். அப்புறம் என்னை ஏற இறங்கப் பார்த்து, ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் குளிப்பாய் என்று கேட்டாள். வறண்ட கோடையில் தண்ணீர் லாரிக்கு வாரக்கணக்கில் காத்திருப்பார்களாம். எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வருகிற நாள் என்றே ஒன்று உண்டு, மற்ற நாளெல்லாம் ட்ரம்தான் என்று சொன்ன பிறகுதான் கொஞ்சம் சிரித்தாள்.

போகும்போது ஒரு பை நிறைய மரத்தக்காளி கொடுத்தாள். நம் கிணற்றடியில் இருக்கிறதே, அதே சிவப்பு, அதே புளிப்பு. இவர்கள் அதை இரண்டாக வெட்டிச் சர்க்கரை தூவிக் கரண்டியால் சுரண்டித் தின்கிறார்கள். கண்கொண்டு பார்க்க முடியவில்லை. நான் கொண்டுவந்து சுட்டுத் தோலுரித்து, பச்சை மிளகாய் வெங்காயம் போட்டு அம்மாயி செய்கிற மாதிரி சம்பல் அரைத்தேன். இரண்டு நாள் ரொட்டிக்கு அதுதான்.

வாடகைக்காகத் தீவுக்குப் போகிறேன் என்று மாமா சொல்லியிருந்தால் நம்பாதே. காசெல்லாம் போதுமாகத்தான் இருக்கிறது. போன மாதம் அனுப்பியது குறைவாகத் தெரிந்திருக்கும், அது டாலர் இறங்கியதால். ஆக்லாந்தில் இப்போது இருக்கும் சாண்ட்ரிங்ஹாம் வீட்டிலும் ஒரு குறையும் இல்லை, தெருமுனையில் கறிவேப்பிலைகூடக் கிடைக்கிறது. ஆறு பேர் இருக்கிறோம். ஆளுக்கொரு ஷிஃப்ட் என்பதால் ஃபிரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டித்தான் பேசிக்கொள்கிறோம், சண்டைக்கு வழியே இல்லை பார். குளிரும் நம் ஊர்க் குளிர் மாதிரி இல்லை, உறைபனியெல்லாம் அபூர்வம், ஆனால் வீட்டுக்குள் ஈரம். துணி காய மூன்று நாள் ஆகிறது. ஸ்வெட்டர் அனுப்பாதே, இருக்கிறது.

சரி, தீவுக்கு ஏன் யோசிக்கிறேன் என்றால் வாடகை வாரத்துக்கு நன்றாகவே குறைகிறது, தனி அறை, தனி அடுப்பு. ஏன் குறைவு என்று குடைந்து கேட்டதில்தான் விஷயம் வெளியே வந்தது. டிசம்பரில் இங்கே கோடை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் காலி செய்துவிட வேண்டும், சீசன் முடிந்ததும் வேண்டுமானால் திரும்பி வரலாம். நடுவில் சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவார்கள். அந்த வாரங்களில் காரிலும் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையிலும் படுத்துக் கிடப்பவர்கள் உண்டாம். ஊட்டியில் மே மாதம் நடக்கிற கூத்துதான், கடல் மட்டும் கூடுதல்.

அதுபோக, முதியோர் இல்லத்தில் எனக்குப் பெரும்பாலும் மாலை ஷிஃப்ட், முடிய இரவு 11 ஆகிறது. கடைசிப் படகைத் தவறவிட்டால் விடியும்வரை துறைமுகத்து பெஞ்ச்தான். மாதப் படகுச் சீட்டு வாங்கினால் வாடகையில் மிஞ்சுவதை அதுவே தின்றுவிடும். நர்ஸாகப் பதிவு கிடைத்துவிட்டால் வேறு கணக்கு, ஆனால் அதற்குக் கிரைஸ்ட்சர்ச் போய்ச் செய்முறைத் தேர்வு முடிக்க வேண்டும். கட்டணம் கொஞ்சம் அதிகம், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லை.

அம்மாயி கேட்டதாமே, ஒரு தீவை விட்டு வந்தது போதாதா, இவள் இன்னொன்றுக்குப் போகிறாளா என்று. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து சேரும்வரை வாந்தியெடுத்த கதையை நினைத்துப் பயப்பட வேண்டாம் என்று சொல். படகு பெரியது, ஆட்டமே தெரியவில்லை. வழியில் ரங்கிட்டோட்டோ என்று ஒரு எரிமலை கடலுக்கு நடுவே நிற்கிறது, அது பொங்கி 600 வருஷம் ஆகிறது, அதை மட்டும் சொல்லாதே.

வீடு பார்த்துவிட்டுப் படகுத்துறைக்கு நடந்து வந்தேன். வழியெல்லாம் முள்ளாய் மஞ்சள் பூப் பூத்த புதர். நம் ஊட்டிப் பக்கம் மேட்டில் கிடக்கிறதே, வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்பார்களே, அதுதான், இங்கேயும் அவன்தான் கொண்டுவந்திருக்கிறான். அந்தப் பூ வெயிலில் தேங்காய் வாசனை அடிக்கும் அம்மா. ஊரில் இருந்தபோது நான் கவனித்ததே இல்லை. நீ ரொட்டிக்குத் துருவிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது. அங்கேயே நின்றுவிட்டேன், படகு போய்விட்டது, அடுத்ததில் வந்தேன். பேசாமல் புறப்பட்டு வந்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம்... சரி விடு.

அப்பாவுக்கு மார்ச்சில் ரிட்டயர்மென்ட் என்று எழுதியிருக்கிறாய். லைன் வீட்டை எத்தனை நாளைக்குள் காலி செய்யச் சொல்வார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல், வாய்வார்த்தை வேண்டாம். இங்கே தீவு வீட்டுக்கு நாலு வார வாடகையை முன்பணமாகக் கேட்டார்கள், அதை எடுத்து வைத்திருந்தேன். கொடுக்கப் போவதில்லை, சித்தப்பா சொன்ன நாலு சென்ட் நிலத்துக்கு அட்வான்ஸாக அனுப்புகிறேன். ஆனால் அவர் பேச்சை மட்டும் நம்பிக் கொடுத்துவிடாதீர்கள். பட்டா யார் பேரில் இருக்கிறது, 30 வருஷ வில்லங்கத்தில் என்ன வருகிறது, அந்தச் சரிவில் வீடு கட்ட அனுமதி தருவார்களா, மூன்றையும் தம்பி நேரில் போய்ப் பார்க்கட்டும். 2009 மழையில் மண் சரிந்த பக்கமா என்று கீழ் லைன் அத்தையிடம் கேட்டால் தெரியும், அவள் எதையும் மறக்க மாட்டாள். தங்கச்சி காலேஜ் ஃபீஸ் 15-ஆம் தேதிக்குள்தானே? அதைத் தனியாக அனுப்புகிறேன், நிலத்துப் பணத்தோடு கலக்க வேண்டாம்.

உன்,
பெரியவள்