பதினோரு பேர் நிற்கும் படம்: டாவே ஆற்றங்கரை நினைவுகளைச் சேர்க்க ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகரில், டாவே ஆற்றங்கரையோரம் ஹாவோட், லாண்டோர் பகுதிகளில் குடியிருக்கும் சிலர் சேர்ந்து ஒரு சின்னக் குழு வைத்திருக்கிறோம். பாதிப் பேர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். மீதிப் பேர் வேலைக்கு வந்து தங்கிவிட்டவர்கள். அவர்களில் நான்கு தமிழ்க் குடும்பங்கள். தமிழில் கேட்டு எழுதும் பொறுப்பு எங்கள் நான்கு வீட்டுக்கும் வந்தது.

எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் தொடங்கியது. இரவு வேலை முடிந்து காலையில் நடந்து வந்த எங்கள் குழுச் சகோதரி ஒருவர், ஒரு வீட்டு வாசலில் பெரிய இரும்புக் குப்பைத் தொட்டி நிற்பதைப் பார்த்தார். வீட்டுக்கார அம்மா காலமாகி, பிள்ளைகள் வெளியூரிலிருந்து வந்து வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். மெத்தை, நாற்காலிகளுக்கு நடுவே துருப்பிடித்த அந்த டப்பா. கேட்டு வாங்கிவந்தார். உள்ளே பழைய சம்பளச் சீட்டுகள், வேல்ஸ் மொழியில் இரண்டு கடிதங்கள், ஒரு புகைப்படம். உலோகத்தைத் தகடாக உருட்டும் ரோலிங் மில் முன்னால் பதினோரு ஆண்கள், கைகளை மடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பின்பக்கம் பென்சிலால் 'மார்ஃபா, 1958'. மார்ஃபா என்பது ஹாவோடை ஒட்டியிருந்த செம்பு ஆலை. பெயர் ஒன்றுகூட இல்லை.

படத்தை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனோம். எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் நான்கு பேரை அடையாளம் சொன்னார். அதில் ஒருவர் அவருடைய அப்பா. மற்ற ஏழு பேர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. பத்து வருடம் முன்னால் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்று அந்தப் பெரியவரே சொன்னார். அதைக் கேட்டபிறகுதான், இங்கிருந்த செம்பு ஆலைகளைப் பற்றிய பெரியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்து புத்தகமாகப் போடும் இந்தத் திட்டம்.

இந்த ஊர் என்னவாக இருந்தது என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேல்ஸ் மொழியில் ஸ்வான்சியின் பெயர் அபெர்டாவே, அதாவது டாவேயின் முகத்துவாரம். முகத்துவாரத்திலிருந்து மேலே போனால் மூன்று நான்கு மைலுக்குள் ஒரு காலத்தில் உலகத்தின் செம்பில் ஒரு பெரிய பங்கு உருகியது. லாண்டோரில் 1717இல் ஓர் உருக்காலை வந்தது. 1737இல் எதிர்க்கரையில் ஒயிட் ராக். 1810இல் விவியன் குடும்பத்தின் ஹாவோட் ஆலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் உருக்கிய செம்பில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு ஸ்வான்சியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும்தான். இத்தனைக்கும் இங்கே செம்புத் தாது கிடையாது. இருந்தது நிலக்கரி. தாதுவைவிடப் பல மடங்கு நிலக்கரி வேண்டும் என்பதால், நிலக்கரியைத் தாதுவிடம் கொண்டுபோவதைவிடத் தாதுவை இங்கே கொண்டுவருவதே லாபம். முதலில் கார்ன்வாலிலிருந்து, அப்புறம் கியூபாவிலிருந்து, சிலேயிலிருந்து. தென் அமெரிக்காவின் கடைக்கோடி முனையைச் சுற்றிப் போய்வந்த மாலுமிகள் இந்தத் தெருக்களில் குடியிருந்தார்கள். கடல் ஓதம் ஏறும்போது கப்பல்கள் ஆற்றின் மேலே ஆலைத் துறைவரைக்கும் வரும்.

கப்பலோடு வந்தது தாது மட்டுமில்லை. 1865 செப்டம்பரில் கியூபாவிலிருந்து தாது ஏற்றிவந்த ஹெக்லா என்ற கப்பலில் மஞ்சள் காய்ச்சலும் வந்தது. கொசுவால் பரவும் வெப்பநாட்டுக் காய்ச்சல், இந்தக் குளிர்ந்த ஊரில்! பதினைந்து பேர் செத்துப்போனார்கள்.

ஆலைக்காரர்களின் வாழ்க்கை உலையை ஒட்டியது. ஞாயிறன்றும் உலையை அணைக்க முடியாது. வார இறுதியில் தொடர்ந்து இருபத்துநான்கு மணி நேரம் நிற்கும் முறை இருந்தது. விவியன் குடும்பம் தொழிலாளர்களுக்குத் தெருக்கள் போட்டது, பள்ளிக்கூடம் கட்டியது. தெருக்களுக்குத் தங்கள் பிள்ளைகளின் பெயரையும் வைத்துக்கொண்டது. எங்களில் ஒரு குடும்பத்தின் முகவரி இன்றும் ஒரு முதலாளி மகன் பெயரில்தான் இருக்கிறது. செம்பு உருக்கும்போது மிஞ்சும் கசட்டை அச்சில் ஊற்றி எடுத்த கறுப்புக் கற்களை மதில்களின் மேல் வரிசையாக வைத்திருப்பார்கள். ஹாவோடில் நடந்தால் இப்போதும் பார்க்கலாம். எங்கள் பிள்ளைகள் அவற்றை எரிமலைக் கல் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

புகையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கந்தகப் புகை கிழக்குப் பக்கம் சாய்ந்து, கில்வி மலையில் புல்லைக்கூட விட்டுவைக்கவில்லை. உழவர்கள் வழக்குப் போட்டுத் தோற்றார்கள். ஜான் ஹென்றி விவியன் 1820களில் அறிவியலாளர்கள் ஹம்ப்ரி டேவியையும் மைக்கேல் ஃபாரடேயையும் அழைத்து யோசனை கேட்டார். நீண்ட புகைக்குழாய் போட்டுப் பார்த்தார்கள், உள்ளே தண்ணீர் பீய்ச்சிப் பார்த்தார்கள். புகை குறைந்தது, நிற்கவில்லை. 1860களில் அதே புகையிலிருந்து கந்தக அமிலம் எடுக்க ஆரம்பித்தார்கள். காசு வரும் என்றானபோதுதான் புகைக்கு வழி பிறந்தது என்று எங்கள் பக்கத்து வீட்டு மாம்கி சொல்லிச் சிரிப்பார். மாம்கி என்றால் தென் வேல்ஸில் பாட்டி. எங்கள் பிள்ளைகளுக்கும் அவர் மாம்கிதான்.

பிறகு சிலேயும் அமெரிக்காவும் தங்கள் தாதுவைத் தாங்களே உருக்கத் தொடங்கின. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின, அல்லது இணைந்தன. ஹாவோடும் மார்ஃபாவும் 1924இல் ஒன்றாயின. 1980இல் அதுவும் நின்றது. அதற்கு முன்பே பள்ளத்தாக்கு கசட்டு மலையாகக் கிடந்தது. ஐரோப்பாவின் மிகப் பெரிய தொழில் பாழ்நிலங்களில் ஒன்று என்று பெயர். 1961இல் இங்குள்ள பல்கலைக்கழகக் கல்லூரி ஓர் ஆய்வுத் திட்டம் தொடங்கி, துத்தநாகமும் செம்பும் ஊறிய மண்ணில் எந்தப் புல் பிழைக்கும் என்று தேடியது. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து மரக்கன்று நடவைத்தார்கள். தான் நட்ட கன்றை எந்தப் பிள்ளை ஒடிப்பான்? அப்புறம் 1981இல் பிரிட்டனின் முதல் எண்டர்பிரைஸ் ஸோன், அதாவது வரிச் சலுகை கொடுத்துத் தொழில்களை வரவழைக்கும் பகுதி, இங்கேதான் வந்தது. கடைகள், கார் நிறுத்துமிடங்கள். 2005இல் மார்ஃபா நிலத்தில் ஸ்டேடியம். 2023இல் ஹாவோட்-மார்ஃபாவின் பழைய கட்டடம் ஒன்றில் விஸ்கி வடிசாலை திறந்தார்கள்.

எல்லாம் நல்லதற்குத்தான், குறை சொல்லவில்லை. கில்வி மலை இன்று பச்சையாக இருக்கிறது. ஆனால் அது மொட்டையாக இருந்ததை எங்கள் வீட்டுப் பையன் நம்பமாட்டேன் என்கிறான். 'எப்போதும் காடுதானே' என்று பள்ளிக்கூடக் கட்டுரையில் எழுதிவைத்திருக்கிறான். பசுமை வந்த வேகத்தில் பழையதைக் காட்ட இடமே இல்லாமல் போய்விட்டது. மிச்சம் இருப்பது ஆட்களின் ஞாபகத்தில். 1980இல் ஆலையின் கடைசி ஷிப்டில் நின்ற இளைஞர்களுக்கே இப்போது அறுபது வயதுக்கு மேல்.

இனி கேள்விக்கு வருவோம். 'ஊரில் கோயில் திருப்பணி இருக்கிறது, படிக்க வசதியில்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள், வெள்ளைக்காரன் ஆலைக் கதைக்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும்?' என்று எங்கள் உறவினர் ஒருவர் நேராகவே கேட்டார். நியாயமான கேள்வி. அவற்றுக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டு இதற்குக் கொடுக்க வேண்டாம் என்பதுதான் எங்கள் பதில்.

ஆனாலும் ஒரு விஷயம். சோழமண்டலக் கரையில், நாகப்பட்டினம் போன்ற துறைகளில், டச்சுக்காரர்கள் ஜப்பான் செம்பை விற்றுக்கொண்டிருந்தார்கள். கைக்கு அடக்கமான, சிவந்த பாளங்கள். வாங்குகிறவர்களுக்கு அந்த நிறம் பழகிப்போயிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி பிரிட்டிஷ் செம்பை இந்தியாவுக்கு அனுப்பத் தொடங்கியபோது, ஸ்வான்சி உலைக்காரர்களும் அதே மாதிரி சின்னப் பாளமாக வார்த்து, சூட்டோடு தண்ணீரில் போட்டு மேலே சிவப்பு ஏற்றினார்கள். அதற்கு 'ஜப்பான் செம்பு' என்றே பெயர். நிறத்தைப் பார்த்து வாங்கும் நம் பாட்டன்மார்களுக்காக இந்த ஆற்றங்கரையில் ஒருவன் வேர்த்து வடிந்திருக்கிறான்! எங்கள் ஒரு வீட்டில் தண்ணீர் குடிக்கும் செம்பு இருக்கிறது, கொள்ளுப்பாட்டி சீராகக் கொண்டுவந்தது. அந்தச் செம்பு இந்த ஊர்ச் செம்புதான் என்று சொல்ல வழியில்லை, சொல்லவும் மாட்டோம். ஆனால் மாம்கியிடம் அதைக் காட்டியபோது ரொம்ப நேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெருமையை மட்டும் சேகரிக்கும் எண்ணமும் இல்லை. ஒயிட் ராக் ஆலையில் மனில்லா என்ற வளையங்கள் செய்ய ஒரு கட்டடமே இருந்தது. ஆப்பிரிக்காவில் மனிதர்களை விலைக்கு வாங்க அந்த வளையங்கள்தான் காசு. கியூபாச் சுரங்கங்களில் தாது வெட்டியவர்களிலும் அடிமைகள் இருந்தார்கள். அதுவும் புத்தகத்தில் வரும். இதில் குழுவுக்குள் வாக்குவாதம் நடந்தது, முடிவும் ஆகிவிட்டது.

செய்யப்போவது இவ்வளவுதான். நாற்பது பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்வது, வீடுகளில் கிடக்கும் படங்களையும் சீட்டுகளையும் ஸ்கேன் செய்து திருப்பிக் கொடுப்பது, கேட்டதை எழுத்தாக்கி ஒரு புத்தகம் போடுவது. வேல்ஸ் மொழியிலும் ஆங்கிலத்திலும் முழுதாக. தமிழில் சுருக்கமாக, அதை நாங்களே எழுதுவோம். முடிந்தால் ஆற்றோர நடைபாதையில் மூன்று பலகைகள்.

மொத்தம் 7,800 பவுண்டு ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். அதில் பெரும்பகுதி அச்சுக்கும், வேல்ஸ் மொழிப் பேச்சை எழுத்தாக்கித் தருபவருக்கும். அவருக்குக் கூலி கொடுத்தே ஆக வேண்டும். குழுவில் மற்ற யாருக்கும் ஒரு பென்னி கிடையாது. கேக் விற்றும், பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலும் வடையும் விற்றும் இதுவரை 2,150 பவுண்டு சேர்ந்திருக்கிறது. வடைதான் முதலில் தீர்ந்தது. பணம் போதாமல் போனால் முதலில் பலகைகளை விட்டுவிடுவோம், அப்புறம் புத்தகத்தின் பக்கத்தைக் குறைப்போம். பதிவை மட்டும் எதற்காகவும் தள்ளிப்போட மாட்டோம்.

நாங்கள் அரசு அங்கீகரித்த அறக்கட்டளை இல்லை. அதனால் நன்கொடை மீதான வரியை அரசிடமிருந்து திரும்பப் பெறும் கிஃப்ட் எய்ட் கோர முடியாது. இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது. வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாது. மாதம் ஒருமுறை வரவு செலவை எல்லாருக்கும் வாசித்துக் காட்டுகிறோம். ஐந்து பவுண்டும் வாங்குவோம், ஐந்நூறும் வாங்குவோம். பெயர் போட வேண்டாம் என்றால் போடமாட்டோம். நினைவாகக் கொடுப்பவர்கள் யார் நினைவாக என்று சொன்னால் அந்தப் பெயரைத் தமிழிலேயே அச்சிடுவோம். கணக்கு விவரத்தை உங்களுக்குத் தெரிந்த குழு உறுப்பினரிடம் நேரில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாத யாராவது எங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பணமாகத் தர இயலாதவர்கள் ஒரு சனிக்கிழமையைத் தரலாம். ஸ்கேனர் இயக்கத் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் வேண்டும், பெரியவர்களைக் காரில் அழைத்துவர ஆள் வேண்டும், தேநீர் போட ஆள் வேண்டும். இந்த ஊர்ப் பெரியவர்கள் தேநீர் இல்லாமல் வாய் திறப்பதில்லை.

ஸ்வான்சியிலேயே இருக்கும் தமிழர்களுக்கு மட்டும் இன்னொன்று. பதினோரு பேர் படத்தின் நகல் எங்கள் எல்லாரிடமும் இருக்கிறது. உங்கள் பக்கத்து வீட்டிலோ, பஸ்ஸில் கூட வருபவர்களிலோ பழைய ஹாவோட்காரர் யாராவது இருந்தால் வாங்கிக் காட்டுங்கள். இடமிருந்து மூன்றாவதாக, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவரைத்தான் முதலில் தேடிக்கொண்டிருக்கிறோம். டப்பா கிடைத்த வீட்டு அம்மாவின் சாயல் அவரிடம் இருப்பதாக மாம்கி சொல்கிறார்.

இப்படிக்கு,
குழுவின் சார்பில், ஹாவோட் – லாண்டோர் தமிழ்க் குடும்பங்கள்