ஃபேக்டரி வந்துட்டு, பஸ் எப்போ வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நம்ம திருநெல்வேலிப் பக்கம் கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டைல டாடாவோட சோலார் ஃபேக்டரிய 2025 பிப்ரவரில முதல்வர் திறந்து வச்சாங்க, வருஷத்துக்கு 4.3 ஜிகாவாட் அளவுக்கு சோலார் செல், பேனல் ரெண்டும் செய்ற இடம், வேலைக்கு பெரும்பாலும் பொம்பளப் பிள்ளைகளத்தான் எடுக்காங்கன்னு கேட்டப்போ மனசு நெறஞ்சு போச்சு. ஏன்னா நம்ம பிள்ளைங்க படிச்சு முடிச்ச கையோட திருப்பூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் பேக்கத் தூக்கிட்டுப் போறதத்தான் இத்தன வருஷமா பாத்துட்டு இருக்கோம்.

எங்க அண்ணன் மகளுக்கும் சிப்காட் பக்கம் ஒரு கம்பெனில வேல கெடச்சிது. காலைல ஆறு மணி ஷிப்டு, எங்க ஊருக்கு மொத பஸ்ஸே ஆறே காலுக்குத்தான், அதனால அண்ணன் நாலரைக்கே எந்திரிச்சு டிவிஎஸ்ல கொண்டு போய் பைபாஸ்ல விடுவாரு, தூக்குச்சட்டிய மடில வச்சிக்கிட்டே பிள்ள பின்னாடி தூங்கி விழும். மூணு மாசந்தான், அண்ணனுக்கு முட்டுவலி வந்ததும் பிள்ள வேலைய விட்டுட்டு. எனக்கு இன்னும் மனசு ஆறல.

நாங்குநேரி சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு நெலம் எடுத்து 20 வருஷத்துக்கு மேல ஆச்சு, போய்ப் பாத்தா பாதிக்கு மேல உடைமரந்தான். அதுக்கும் ஒரு வழி பண்ணணும்.

இப்போதைக்கு அம்பை, மானூர், முக்கூடல் பக்கத்துலருந்து ஷிப்டு நேரத்துக்கு கங்கைகொண்டானுக்கு டவுன் பஸ் விடச் சொல்லுங்க. ராத்திரி ஷிப்டு முடியுற நேரத்துக்கும் சேத்து.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருநெல்வேலி