பின்கதவுச் சாவி யாரிடம் இருக்கிறது?

திருப்பூரில் பவர் டேபிள் (தையல்), செக்கிங், அயர்னிங் யூனிட் நடத்தும் முதலாளிமார்களுக்கு,

வணக்கம். வயரிங் வேலைக்காக உங்களில் பலருடைய யூனிட்டுகளில் ஏறி இறங்குகிறவன் நான். டியூப் லைட் பட்டியின் மேல் படிந்திருக்கும் பஞ்சுத் தூசியைத் தட்டிவிட்டுத்தான் என் வேலையே தொடங்கும். அதைப் பற்றியும் ஒரு மடல் எழுதலாம். இது உங்கள் பின்கதவைப் பற்றியது.

அண்மையில் ஒரு மாடி யூனிட்டுக்குப் போயிருந்தேன். முன்னால் ஒரு படிக்கட்டு. பின்னால் ஓர் இரும்புக் கதவு, அதற்கு வெளியே இறங்குவதற்கு இரும்புப் படி. கதவின் மேல் 'அவசர வழி' என்று பச்சை ஸ்டிக்கர்கூட ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே ஆள் உயரத்துக்குக் கட்டிங் வேஸ்ட் மூட்டைகள், மூட்டைகளின் மேல் அட்டைப் பெட்டிகள். இடுக்கில் கையை விட்டுத் தடவிப் பார்த்தால் கொண்டியில் ஒரு பூட்டு, துருப்பிடித்த பூட்டு. சாவி எங்கே என்று கேட்டேன். சூப்பர்வைசர் கட்டிங் மாஸ்டரைப் பார்த்தார், மாஸ்டர், டெய்லருக்குத் துணை நிற்கும் கைமடிப் பெண்ணைப் பார்த்தார். முதலாளியின் வண்டிச் சாவிக் கொத்தில் இருக்கும் என்று கடைசியில் ஒருவர் சொன்னார். முதலாளி அன்று ஒரு கல்யாணத்துக்காக வெளியூரில் இருந்தார்.

ஏன் பூட்டுகிறீர்கள் என்பது தெரியாமல் எழுதவில்லை. பீஸ், அதாவது தைக்கிற துணி, திருட்டுப் போய்விடும் என்ற பயம். ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்கு வேலை செய்து கொடுக்க வந்த துணி உங்களுடையதல்ல. எண்ணிக்கை குறைந்தால் கொடுத்த கம்பெனி கூலியில் பிடித்துக்கொள்ளும். போக வர ஒரே வாசல் என்றால் கண்காணிப்பது எளிது. நியாயமான கவலைதான். ஆனால் இதே கவலைக்காக நியூயார்க்கில் டிரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலையின் ஒன்பதாம் மாடியில் ஒரு கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். வேலை முடிந்து போகும் பெண்கள் எல்லோரும் மற்றொரு வாசல் வழியாக, கைப்பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். 1911 மார்ச் 25 அன்று எட்டாம் மாடியில், வெட்டுத் துணி போட்டுவைத்த தொட்டியில் தீப்பிடித்தது. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பிழைப்புக்காக வெளிநாடுகளிலிருந்து வந்த இளம்பெண்கள். கதவு பூட்டியிருந்தது முதலாளிகளுக்குத் தெரியும் என்பதை நிரூபிக்க முடியாமல் இருவரும் விடுதலையானார்கள். அவர்களில் ஒருவர் 1913இல் வேறொரு தொழிற்சாலையில் மறுபடியும் கதவைப் பூட்டிவைத்துப் பிடிபட்டார். அபராதம் 20 டாலர்.

பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலையில் 2012 செப்டம்பர் 11 அன்று தீயில் 250 பேருக்கும் மேல் இறந்தார்கள். வழிகள் பூட்டியிருந்தன, ஜன்னல்களில் கம்பி. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அந்தத் தொழிற்சாலை சர்வதேசத் தரச் சான்றிதழ் வாங்கியிருந்தது. அது விபத்தல்ல, திட்டமிட்டு வைத்த தீ என்று பின்னால் அங்குள்ள நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருக்கட்டும். தீயை யார் வைத்திருந்தாலும், வெளியே போகும் வழி திறந்திருந்தால் சாவு இந்த எண்ணிக்கையைத் தொட்டிருக்காது. சான்றிதழைப் பற்றி நமக்கும் தெரியாததா? பையர் ஆடிட், அதாவது துணி வாங்கும் கம்பெனியின் ஆய்வு என்றால் காலையில் மூட்டைகள் நகரும், பூட்டு கழலும். ஆடிட்டரின் கார் தெருமுனை திரும்பியதும் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடும். அது பெரிய கம்பெனிகளின் கூத்து. உங்கள் யூனிட்டை அப்படி ஒரு நாள்கூட யாரும் வந்து பார்ப்பதில்லை.

சட்டமும் எட்டிப் பார்ப்பது அரிது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், மின்சாரத்தில் மிஷின் ஓடும் இடத்தில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றது; பதிவேட்டில் மட்டும் ஒன்பது பேரோடு நின்றுவிடும் யூனிட்டுகளை நாம் அறிவோம். 2020இல் வந்த தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20 ஆக உயர்த்திவிட்டது. ஆகவே அதிகாரி வருவார் என்று பயமுறுத்த இந்த மடல் இல்லை.

இரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பீகார், ஒடிசாப் பையன்கள் யூனிட்டிலேயே படுத்துக்கொள்கிறார்கள். ஷட்டரை வெளியே பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற முதலாளிகள் இருக்கிறார்கள். டெல்லி அனாஜ் மண்டியில் 2019 டிசம்பர் 8 விடியற்காலையில் இப்படித் தொழிற்கூடத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 43 பேர் தீ விபத்தில் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது புகைதான், நெருப்பல்ல. தூங்குகிறவனைப் புகை வாசனை எழுப்பிவிடும் என்று நம்பாதீர்கள். ஆளை உள்ளே வைத்து வெளியே பூட்டுவதற்கு எந்தக் கவலையும் காரணமாகாது. அதில் பேச்சுவார்த்தைக்கே இடமில்லை.

பகலுக்கு வழி இருக்கிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வெளியேறும் கதவு உள்ளே இருப்பவர் சாவியில்லாமல் திறக்கும்படி இருக்க வேண்டும், அகலம் ஒரு மீட்டருக்குக் குறையக்கூடாது என்கிறது. கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும்: பத்துப் பேர் முதுகில் நெருக்கும்போது முன்னால் நிற்கும் பெண்ணால் கதவைத் தன் பக்கம் இழுக்கவே முடியாது. பேனிக் பார் என்று கடையில் கேளுங்கள். கதவின் குறுக்கே இருக்கும் அந்தக் கம்பியை இடுப்பால் தள்ளினாலும் திறந்துகொள்ளும். வெளியிலிருந்து யாரும் திறக்க முடியாது. பீஸ் போய்விடும் என்ற பயத்துக்கு, கதவில் ஒரு காந்த சுவிட்சும் பேட்டரியில் ஓடும் மணியும் போதும். யார் திறந்தாலும் யூனிட் முழுக்கக் கேட்கும். பூட்டைவிட இது நல்ல காவல், ஏனென்றால் பூட்டு உங்களிடம் எதையும் சொல்வதில்லை. எல்லாம் சேர்ந்தாலும் ஓர் ஓவர்லாக் மிஷின் விலையில் சிறு பங்குதான்.

ஷட்டரை ஒரு வழியாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். கரண்டில் ஏறி இறங்கும் ஷட்டர் என்றால் கேட்கவே வேண்டாம், தீயில் முதலில் போவது கரண்டுதான். அதனாலேயே பின்கதவுக்கு மேல் ஓர் எமர்ஜென்சி லைட் அவசியம்.

கட்டட உரிமையாளர் சுவரில் கை வைக்க விடமாட்டார் என்று சிலர் சொல்கிறீர்கள். சில இடங்களில் அது உண்மை. ஆனால் மூட்டையை நகர்த்த அவர் அனுமதி வேண்டியதில்லை. பூட்டைக் கழற்றவும் அவர் அனுமதி வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கதவைச் சரிசெய்த பிறகு வாரத்தில் ஒரு நாள் காலை டீயைப் பின்பக்கம் இறக்கச் சொல்லுங்கள். டெய்லர், கைமடி, செக்கிங், அயர்ன் மாஸ்டர் எல்லோரும் அந்தக் கதவு வழியாகவே போய்க் குடித்துவிட்டு வரட்டும். மூட்டை அடுக்கினால் டீ குடிக்க முடியாது, ஆகவே யாரும் அடுக்கமாட்டார்கள். கீல் துருப்பிடிக்காது. நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனுக்கும் வழி தெரிந்திருக்கும். வரும் திங்கட்கிழமையே தொடங்கலாம். மணிக்கும் காந்த சுவிட்சுக்கும் வயர் இழுக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் ஒருவன்